நடுவில் மட்டும் காலி

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். இதுவரை நான் எடுத்த முடிவுகளை எல்லாம் மனைவிதான் முடித்துவைத்திருக்கிறாள். ஆனால் இது என் சாய்வு நாற்காலி விவகாரம். ஒரு கை உடைந்திருக்கிறது, முதுகில் பிரம்பு கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பழைய சாமான்காரருக்குப் போடப்போகிறாளாம். அது ஒழிந்தால்தான் நான் எழுந்து நடமாடுவேன் என்பது அவள் கட்சி. எனக்கோ வேறு எதில் உட்கார்ந்தாலும் இருப்புக்கொள்ளாது.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பரணில் ஏறினேன். உடைந்த மின்விசிறியின் இறக்கைகளை நாற்காலியின் முதுகில் கட்டினேன். போன கைக்குப் பதில் குடைக்கம்பிகள். உச்சியில் ஒரு சைக்கிள் மணி. உட்காரும் இடத்தை மட்டும் தொடவில்லை. அதற்காகத்தானே இத்தனை பாடு.

வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"என்னங்க இது?"

"சிற்பம். தூக்கிப்போட்ட சாமான்லேயே செய்யறது. இப்ப இதைத்தான் பெரிய பெரிய ஆளுங்க வாங்கி வீட்டுல வைக்கறாங்க."

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ சுற்றிச் சுற்றி வந்தாள். இறக்கையைத் தடவினாள். மணியை ஒருமுறை அடித்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. நடுவுல மட்டும் ஏன் காலியா விட்டீங்க?"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவள் என்னைப் பாராட்டியே பல காலம் ஆகியிருந்தது. தலைகால் புரியவில்லை.

"அதுதான் இதோட உயிரே. வெறுமை. மனுஷன் இல்லாத இடம். பார்த்தா மனசு கனக்கணும்."

"கனக்குதுங்க" என்றாள். உடனே சாமான்காரருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்யாண வாழ்க்கையில் என் முதல் வெற்றி. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்காரப் போனேன்.

"எங்க உட்கார்றீங்க? நீங்க உட்கார்ந்தா வெறுமை என்னத்துக்கு ஆகறது?"

சொன்னதோடு விடவில்லை. நாற்காலியைச் சுற்றிக் கொடிக்கயிறும் கட்டிவிட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். எங்கே போனாலும் கால்கள் என்னைக் கயிற்றருகே கொண்டுவந்து நிறுத்தின.

சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சரைக் கூட்டிவந்து காட்டினாள். டீச்சர் ரசித்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

"சார் ஏன் பக்கத்துலயே நிக்கறாரு?"

"அவரும் இதுல சேர்த்திதான் டீச்சர். எல்லாமே வீட்டுல சும்மா கிடந்த சாமான்தானே."