பயாஸுக்குக் காற்று பட்டுவிடும்!

நீஷ் நகரத்தில் ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தது. கணினி பழுதுபார்க்கும் டோப்ரிவோயேயின் கடையிலோ ஒரு சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. உள்ளே நாங்கள் கூட்டமாக வெந்துகொண்டிருந்தோம். ஆளுக்கொரு கணினி, காய்ச்சல் கண்ட குழந்தைபோல் கம்பளி சுற்றி மடியில் வைத்திருந்தோம்.

எல்லாம் ப்ரோமாயாவுக்குப் பயந்துதான். எதிரெதிர் சன்னல்கள் திறந்திருந்தால் குறுக்கே ஓடுமே, அந்தக் காற்று. எங்கள் செர்பியர்களுக்கு வேறு எதற்கும் பயமில்லை, அதற்கு மட்டும் குலை நடுங்கும். கழுத்து பிடித்தாலும் ப்ரோமாயா, மருமகன் வேலையை விட்டாலும் ப்ரோமாயா. டோப்ரிவோயே அந்தப் பயத்தை மதர்போர்டுக்குள் செருகினான், அவ்வளவே.

கணினியைப் போட்டதும் முதலில் விழித்து மற்றதையெல்லாம் எழுப்புகிற நிரல் பயாஸ். அதைப் புதுப்பிக்கும்போது பாதியில் தடைபட்டால் போர்டு செத்ததற்குச் சமம். இந்த உண்மை ஒன்றுதான் அவன் முதலீடு. மிச்சமெல்லாம் சிவப்பு நூலும், ரக்கியா சாராயத் தெளிப்பும், ஒரு முணுமுணுப்பும்.

"நல்லா பாருங்க!" என்று மேசைக்குப் பின்னால் நின்று முழங்கினான். திரையில் புதுப்பிப்புக் கோடு நகர்ந்தது. சன்னலைத் திறந்தான். திரை பொட்டென்று இருண்டது! கூட்டம் "ஐயோ" என்றது. சாத்தினான், சாராயம் தெளித்தான். கணினிக்கு உயிர் வந்துவிட்டது.

"என்னுது போனதும் இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டார் ஓய்வுபெற்ற ரயில்காரர் ஸ்ரெத்தென். "மாஸ்டர் பூஜை போட்டுத்தான் குடுத்தாரு. எம் பொண்டாட்டி கக்கூஸ் சன்னலத் தொறந்து வச்சிட்டா."

"எந்த கோப்ப ஏத்துனாரு? உங்க போர்டு மாடலுக்கு உள்ளதா?" என்று கேட்டாள் வாசலில் வந்து நின்ற க்ரோஸ்தானா. கல்யாண வீடியோ தொகுத்துப் பிழைப்பவள். சேர்த்த காசையெல்லாம் புதுப் ப்ராசஸரில் போட்டிருந்தாள். பயாஸைப் புதுப்பிக்காமல் போர்டு அதை ஏற்காது. போர்டு செத்தால் இந்த ஆண்டுக் கல்யாணங்கள் அத்தனையும் கைவிட்டுப் போகும். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அவள் கையேட்டைப் படித்திருந்தாள்.

"மாடல்லாம் யாரு பாக்குறா? காத்து கருப்பு அண்டாம இருந்தா போதும்மா" என்றான் டோப்ரிவோயே.

"சரி மாஸ்டர். உங்க பெட்டிய என்னோட யூபிஎஸ்ல சொருகி, சன்னலத் தொறந்து ஒருதரம் காட்டுங்க. செத்துச்சுன்னா என் கம்ப்யூட்டர நீங்களே வச்சுக்கங்க."

அவன் மறுக்கத்தான் பார்த்தான். "காட்டேன்யா!" என்று கூட்டமே கத்தியது. பேராசையா, வெட்கமா, தெரியவில்லை, ஒப்புக்கொண்டான். காய்கறி வண்டியில் தன் கணினியோடு கொண்டுவந்திருந்த யூபிஎஸ்ஸில் வயரைச் செருகிவிட்டு, இரண்டு பக்கச் சன்னல்களையும் க்ரோஸ்தானா விரியத் திறந்தாள். ப்ரோமாயா ஜில்லென்று வீசியது. பாதிப் பேர் கழுத்தைப் பொத்திக்கொண்டார்கள்.

திரை இருளவில்லை. மேசைக்கடியில் மட்டும் டொக், டொக் என்று சத்தம்.

"கால்ல என்ன மாஸ்டர், எறும்பா?"

ஸ்ரெத்தென் குனிந்து மேசைத் துணியைத் தூக்கினார். சுவர் பிளக்கின் கரண்டை வெட்டும் மிதி சுவிட்ச்! பெட்டி இப்போது யூபிஎஸ்ஸில் இருந்ததால் அது பலிக்கவில்லை. டோப்ரிவோயே வேர்க்க வேர்க்க அதை மிதித்துக்கொண்டிருந்தான். அதற்குள் திரையில் கோடு நூறைத் தொட்டது. தொட்டதும் மறுபடி சுழியத்திலிருந்து நகர ஆரம்பித்தது. புதுப்பிப்பும் கிடையாது, புண்ணாக்கும் கிடையாது. ஓடியது வெறும் வீடியோ!

"அடப்பாவி! உன்னால பதினஞ்சு நாளா எம் பொண்டாட்டிகிட்ட நான் பேசலடா!" என்று கத்தினார் ஸ்ரெத்தென். எனக்கும் வயிறெரிந்தது, நானும் கம்பளி சுற்றியவன்தானே.

க்ரோஸ்தானா அங்கேயே தன் வேலையைத் தொடங்கினாள். தன் போர்டின் மாடலையும் ரிவிஷன் எண்ணையும் சரிபார்த்தாள். தயாரித்தவர்களின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பு பென் டிரைவில் இருந்தது. பழைய ப்ராசஸரைக் கழற்றவில்லை. யூபிஎஸ்ஸில் செருகி, பயாஸின் சொந்தத் திரையிலிருந்தே புதுப்பிக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"கரண்டு போகக் கூடாது, நடுவுல யாரும் அணைக்கக் கூடாது. இவ்ளோதாங்க மந்திரம்."

கோடு முடிந்தது. கணினி தானாக அணைந்து எழுந்தது. அதன் பிறகே புதுப் ப்ராசஸரை மாட்டினாள். அதுவும் எழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "அம்மா, அந்த யூபிஎஸ்ஸ எந்தத் திசை பாத்து வைக்கணும்?"

போர்டுக்குத்தான் கம்பெனிக்காரன் திருத்தம் வெளியிடுகிறான். மண்டைக்கு எவனும் வெளியிட மாட்டான் ஐயா, அதை நீங்களேதான் யோசித்து எழுதிக்கொள்ள வேண்டும்!