மன்னார்காரருக்கு எடுத்த ஐஸ் பெட்டி

கொரோனாவுல நிறுத்தி வெச்சிருந்த ஆடிக் கிருத்திகைக்குத் திரும்ப மலையேற காவடி வுட்டாங்களே, அதுக்கு ஒரு மாசம் கழிச்சி, ஆவணியில நடந்தது இது. (நாங்க சர்ச்சு ஆளுங்கதான். ஆனா கிருத்திகைக்கு மோரு ஊத்தாத வீடு திருத்தணியில ஏது?)

அப்பதான் சிலோன்ல அரிசி பருப்பு கெடைக்காம ஜனங்க படகேறி வந்துகினு இருந்தாங்க. அப்பிடி மன்னார்ல இருந்து வந்த ஒரு குடும்பத்த எங்க சபை பொறுப்பெடுத்துகிச்சு. புருசன், பொண்டாட்டி செல்வராணி, ரெண்டு பொண்ணுங்க. அகதி கேம்ப வுட்டு வெளிய தங்க பர்மிஷன் வாங்கியாச்சு, ஸ்டவ்வு பாயி எல்லாம் சேத்தாச்சு. வீடுதான் ஒருத்தரும் தரல. கடைசியா முனிரத்தினம்னு ஒரு விவசாயி, அவரு வீட்டுக்குப் பின்னால இருந்த போர்ஷன குடுத்தாரு. "ஒரு மாசம் பாப்பேன் பெரியவரே. ஒரு சங்கடம் வந்தாலும் காலி பண்ணிடணும்"ன்னு என்கிட்ட சொன்னாரு. அது போனா அவங்க திரும்ப கேம்புக்குத்தான் போவணும்.

அவங்களப் பாத்துக்கற வேலை எனக்கு. எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு காது மந்தம். ஆனா எல்லாம் தெரியும்ன்ற நெனப்பு மட்டும் மலை ஒசரம்.

ஒரு ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும், கட்டில் எடுத்தாரட்டுமான்னு கேக்க போன் போட்டேன். செல்வராணி தேம்பிகினே பேசிச்சு.

"அப்பாவோட இப்பத்தான் கதைச்சு முடிஞ்சது ஐயா. அவசரமில்ல, ஆறுதலா வாங்கோ."

எனக்கு என்னா கேட்டுச்சு? அப்பா கதை முடிஞ்சது, ஆறுதல் சொல்ல வாங்க!

நின்ன எடத்துலயே அழுதுட்டேன். பாஸ்டரு வேற ஊரு ஆராதனைக்குப் போயிட்டாரு, இல்லன்னா தடுத்திருப்பாரு. வாசல்ல கலைஞ்சிகினு இருந்த ஜனத்த நிறுத்தி, மாலை வாங்க ஒரு ஆளு, துக்கப் பாட்டுக்கு ஆறு பேரு, போதாததுக்கு பொணத்த வைக்கிற ஐஸ் பெட்டிக்கும் சொல்லிட்டேன். பொணம் கடலுக்கு அந்தாண்ட கீது, பெட்டி எதுக்குடான்னு ஒருத்தராச்சும் கேக்கணுமே? அவ்ளோ ஒத்துமை எங்க சபையில.

முனிரத்தினம் வீட்டாண்ட போனா பெரிய கோலம், மாவெலைத் தோரணம். அவரு பொண்ணப் பாக்க நகரியில இருந்து மாப்ள வீட்டுக்காரங்க அப்பதான் வண்டிய வுட்டு எறங்கறாங்க. அவங்க எதிர்ல நாங்க பாடிகினு போறோம். பின்னாடியே பெட்டி.

"யோவ்! யாரு வூட்டுக்குய்யா பெட்டி?"ன்னு முனிரத்தினம் கத்தனாரு.

"உங்க பின் போர்ஷனுக்குத்தான் நைனா. செல்வராணி அப்பா தவறிட்டாரு."

"நல்ல நாளும் அதுவுமா வாசல்ல பொணப் பெட்டியா? இன்னிக்கே காலி பண்ணச் சொல்லு!"

சத்தம் கேட்டு செல்வராணி ஓடியாந்துச்சு. "ஆருக்கு ஐயா மாலை?"

"உங்கப்பாவுக்குத்தாம்மா. நீதான கதை முடிஞ்சதுன்னே?"

"ஐயோ! கதைக்கிறதெண்டா பேசுறது ஐயா! அவற்ற குரலைக் கேட்டுத்தான் அழுதனான். ஆறுதலா எண்டா, மெதுவா வாங்கோ எண்டு!"

யாரும் நம்பல. அங்கயே வீடியோ கால் போட்டுச்சு. மன்னார்ல இருந்து அவ அப்பாவே போன்ல வந்தாரு. மாலையையும் பெட்டியையும் பாத்துட்டு, "ஆர் பிள்ளை செத்தது?"ன்னு பதறனாரு. எங்க கூட்டத்துல ஒரு அம்மா, "நீங்கதாங்க"ன்னு சொல்லிட்டாங்க.

மொதல்ல சிரிச்சவரு மாப்ளயோட அப்பா. "எதிர்ல பொணம் வந்தாவே நல்ல சகுனம்பாங்க. இங்க பெட்டி காலியா வருது, செத்தவரு போன்ல பேசறாரு. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும் பாவா?"

எங்க பக்கம் பொண்ணு வீட்டுக்காரர பாவான்னு கூப்ட்டுட்டா சம்பந்தம் முடிஞ்சாச்சுன்னு அர்த்தம். முனிரத்தினம் மூஞ்சி அப்பிடியே மலந்துச்சு.

"பெட்டிய திருப்பி அனுப்பு"ன்னாரு.

"அப்ப வீடு?"ன்னேன்.

"வாய மூடிகினு உள்ள வந்து கேசரி சாப்டு."

கல்யாணம் நல்லபடியா ஆச்சு. செல்வராணி குடும்பம் இன்னிக்கும் அதே வீட்டுலதான் கீது. மன்னார்ல இருந்து போன் வந்தா பெரியவரு மொதல்ல கேக்கறது, "எனக்குப் பெட்டி கொண்டந்த ஐயா சுகமோ?"

ஒரே ஒரு கொறைங்க. அன்னிக்கு மட்டும் எங்க ஆராதனைக்கு வந்திருந்த பொதட்டூர்பேட்டைக்காரருதான் மாலை வாங்கியாந்தாரு. அவரு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மாலைய என் கையில குடுத்துட்டு பாதியிலயே போயிட்டாரு. இன்னும் வருசா வருசம் அந்தக் குடும்பத்து துக்கத்துக்கு ஜெபம் பண்றாராம். நீங்க அந்தப் பக்கம் போனா, மன்னார்காரரு நல்லா கீறாருன்னு கொஞ்சம் சொல்லிடுங்க. நானே சொல்லலாம்தான். என் நம்பர பாத்தா, இப்ப யாரு போயிட்டாங்களோன்னு பயந்து, அவரு போனையே எடுக்கறதில்ல.