முப்பத்தெட்டுப் பொய்ச் சொற்களும் பாகல்கோட் ஜீப்பும்

மரியாதைக்குரிய குருபாதப்பா மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் சுமங்கலா பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் வருகைப் பதிவேட்டை வைத்து அதன் மேல் தாள் போட்டு எழுதுவது.

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அத்தை, அத்தையின் முழங்கால், உங்கள் குழாய்க்கடை, உங்கள் வீட்டில் இருக்கும் என் அம்மா எல்லோரும் நலமாக இருக்க சித்தேஸ்வரர் அருளட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை பாகல்கோட்டிலிருந்து ஜீப்பில் எட்டுப் பேர் என்னைப் பெண் பார்க்க வந்ததாகவும், மூன்று தட்டு மிளகாய் பஜ்ஜி தின்றதாகவும், நாலு மணி வரை பெண்ணைக் காணாமல் திரும்பிப் போனதாகவும், ஹுப்பள்ளி முழுக்க உங்கள் மானம் போய்விட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கடைசியில், “வாத்தியார் உத்தியோகம்தான் கிடைச்சாச்சே, அப்புறம் எதுக்கு எம்.ஏ.? தாண்டாப் பிள்ளைங்க பேச்சுக்குப் புத்தகம் போட்டு யார் வாங்கப் போறா? உத்தியோகம், படிப்பு, கனவு, மூணுல ஒண்ணை வச்சுக்கோ” என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்றையும் வைத்துக்கொள்வதாக உத்தேசம். ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படிக்கவும். பாதியில் நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டாம், அவளுக்கு இதில் பங்கு கிடையாது.

என் பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். அத்தனை பேரும் பக்கத்தில் லம்பாணிகள் குடியிருக்கும் தாண்டாவிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் அவர்களுக்கு ஒரு பேச்சு, இங்கே பாடப் புத்தகத்தில் கன்னடம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒன்றாங்கிளாஸ் பிள்ளை ஒருத்தி அவள் பேச்சில் என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை, சாக்பீஸ் கொடுத்தேன். மறுபடி கேட்டாள், மறுபடி சாக்பீஸ். மூன்றாவது சாக்பீஸும் வாங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை. அவள் கேட்டது தண்ணீர், மாமா. அன்றைக்குத்தான் தபால் வழியில் மொழியியல் எம்.ஏ.வுக்குப் பணம் கட்டினேன். இந்தப் பிள்ளைகளின் சொற்களைச் சேர்த்து ஆய்வேடு எழுதுவது, அதை வைத்து ஒன்றாங்கிளாஸுக்கு அவர்கள் பேச்சிலேயே ஒரு படப் புத்தகம் செய்வது, இதுதான் நீங்கள் சிரிக்கிற அந்தக் கனவு. இரண்டு வருஷமாகக் காலையில் சோள ரொட்டி தட்டும்போது ஒரு பக்கம், பஸ்ஸில் ஒரு பக்கம், பிள்ளைகளுக்குச் சத்துணவு முட்டை உரிக்கும்போது ஒரு பக்கம் என்று படித்திருக்கிறேன். என் நோட்டுப் புத்தகத்தில் பாதிப் பக்கத்துக்கு மஞ்சள் கரு ஒட்டியிருக்கும்.

ஆனால் ஒரு தப்பு செய்தேன், அதை மறைக்கவில்லை. பிள்ளைகள் சொல் சொல்ல வெட்கப்பட்டார்கள் என்று, ஒரு சொல்லுக்கு ஒரு கடலை மிட்டாய் என்று அறிவித்துவிட்டேன். அப்புறம் சொற்கள் கொட்டின பாருங்கள், நாலாங்கிளாஸ் பூரி என்பவள் மட்டும் ஒரே மத்தியானத்தில் இருபது சொல் தந்தாள். நானும் பூரித்துப் போய் நானூற்றுப் பன்னிரண்டு சொல் சேர்த்து, டைப் அடித்து, பைண்டு பண்ணி, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வாய்மொழித் தேர்வு என்று பல்கலைக்கழகத்திலிருந்து தாக்கீதும் வாங்கிவிட்டேன். ஹெட்மாஸ்டர் பசலிங்கப்பா சாரிடம் லீவு கேட்டால், “போங்கம்மா, யார் வேண்டாங்கறா? ஆனா முட்டைக்கு யாரு பதில் சொல்றது?” என்கிறார். பிள்ளைகள் முட்டை தின்கிற படத்தை தினமும் போனில் அரசாங்க ஆப்பில் ஏற்ற வேண்டும். சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேல்தான் கிடைக்கும். தொட்டி மேல் ஏற சாருக்குத் தலை சுற்றும். ஆகவே அன்றைக்கு மட்டும் முட்டையைக் காலையிலேயே அவித்து, உரித்து, தின்னவைத்து, படம் எடுத்து, நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். கீழே சத்துணவுச் சமையல் பார்க்கிற சோம்லிபாய், அவளும் அதே தாண்டாதான், அண்ணாந்து பார்த்து, “டீச்சரக்கா, படம் ஏறுற வரைக்கும் சும்மாதானே இருக்கீங்க, எங்க பேச்சை என்னமோ எழுதியிருக்கீங்களாமே, கொஞ்சம் வாசிங்க கேப்போம்” என்றாள்.

வாசித்தேன். முதல் இரண்டு பக்கம் தலையை ஆட்டினாள். மூன்றாம் பக்கத்தில் வாயைப் பொத்தினாள். நாலாம் பக்கத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தே விட்டாள்.

“ஐயோ டீச்சரக்கா, இதைப் பெரிய மனுசங்க முன்னாடி வாசிச்சிடாதீங்க. விருந்தாளின்னு போட்டிருக்கீங்களே, அது நாங்க கோழியை விரட்டுற சத்தம்.”

“அப்போ புத்தகம்?”

“அப்படி ஒரு சொல்லே கெடையாது.”

“ஹெட்மாஸ்டர்?”

“அதை மட்டும் கேக்காதீங்க. அவரு பாவம்.”

தொட்டியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பூரியைப் பிடித்து, “ஏன்டி இப்படிப் பண்ணினே?” என்றேன். அவள் கொஞ்சமும் அசராமல், “நிஜச் சொல்லு தீந்துபோச்சு டீச்சர். மிட்டாய் தீரலையே” என்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வேறு வருகிறது. சோம்லிபாய் கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். “வாங்க, போற வழியிலேயே திருத்திடலாம்” என்று எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஹெட்மாஸ்டர் கரண்டியோடு பின்னால் ஓடி வருகிறார், “சாம்பாருக்கு உப்பு எவ்வளவும்மா?” என்று. இவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “ஒரு கைப்பிடி! உங்க கை இல்ல சார், என் கை!” என்று கத்துகிறாள்.

பஸ்ஸில் நான் சிவப்புப் பேனாவால் அடிக்க, அவள் நிஜச் சொல்லை உரக்கச் சொல்ல, முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்க்க, கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு வந்து நிற்கிறான். அவனும் வேறொரு தாண்டாக்காரனாம். “அந்தச் சொல்லு தப்பு, எங்க பக்கம் வேற சொல்லுவோம்” என்கிறான். “உன் பக்கத்துல சொல்றதை உன் பக்கத்துலயே வச்சுக்க” என்று இவள் சண்டைக்குப் போகிறாள். நான் இரண்டையும் எழுதிக்கொள்கிறேன். இந்தக் கலாட்டாவில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை பஸ் தாண்டிப் போய், வெயிலில் ஒன்றரை மைல் இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். அடித்தது மொத்தம் முப்பத்தெட்டு சொல்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஆய்வேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. “என்னம்மா இது?” என்றார். அச்சுப்பிழை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஆனால், “பிள்ளைங்க என்னை ஏமாத்திட்டாங்க சார், முப்பத்தெட்டு சொல்” என்று உள்ளதைச் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டார். “நாலாங்கிளாஸ் பிள்ளைகளிடம் ஏமாறுகிறவர் ஆராய்ச்சிக்கு எதற்கு வர வேண்டும்? நல்ல அரசாங்க வேலை இருக்கிறது, அதைப் பாருங்கள்.” மாமா, அச்சு அசல் உங்கள் குரல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சார், ரெண்டு வருஷமா கன்னடப் பாடத்துல வாயே திறக்காத பிள்ளைங்க. ஒரு மிட்டாய்க்காக உக்காந்து முப்பத்தெட்டு சொல்லை இட்டுக்கட்டியிருக்காங்க. ஒவ்வொண்ணும் அவங்க பேச்சு மாதிரியே முடியுது. நான் மட்டுமில்ல, நீங்களும்தான் ஏமாந்திருப்பீங்க. அந்த முப்பத்தெட்டை வச்சே தனியா ஒரு அத்தியாயம் எழுதுவேன்” என்றேன்.

அதற்குள் வாசலில் நின்ற சோம்லிபாய் உள்ளே வந்துவிட்டாள். “யாரம்மா நீ?” என்றார் அவர். “சாம்பார் வைக்கிறவ. நானும் ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் போனவதான் சாமி. வாத்தியாரு பேசுனது ஒண்ணும் வெளங்கல, ஆடு மேய்க்கப் போயிட்டேன். ஆடாவது நான் சொன்னா கேட்டுச்சு. இந்தப் பொண்ணு இன்னைக்கு என்கிட்ட வாசிச்சிச்சே, ஒரு டீச்சர் எங்க பேச்சை வாசிச்சு நான் கேட்டது இதான் மொதத் தடவை. தப்பா இருந்தா என்ன, நான் திருத்திட்டேன்ல?” என் வழிகாட்டி ஹேமாவதி மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். தேர்ச்சி கொடுக்கவில்லை. மூன்று மாதம் அவகாசம், திருத்தி எழுதிக் கொண்டு வரவும், அந்தத் தனி அத்தியாயம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் பஸ் போய்விட்டதால் அன்றைக்கு சோம்லிபாயின் தங்கை வீட்டில் தங்கினோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாமா. உங்கள் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அறுபத்திரண்டு சொல் எழுதினேன். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாக ஞாபகம் இருந்தது. மணியைக்கூடப் பார்த்தேன். எழுந்து வரத் தோன்றவில்லை. சுமங்கலா என்று பெயரிலேயே என்னைச் சுமங்கலி ஆக்கிவிட்டீர்கள், அது போதும் இப்போதைக்கு. எம்.ஏ. முடிப்பேன், அதற்கு மேலும் படிப்பேன், புத்தகமும் வரும். அதுவரை உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஹுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இது முடிவு.

அத்தைக்கு நமஸ்காரம். சின்னவர்களுக்கு முத்தம். உங்களுக்கும் நமஸ்காரம்தான், ஆனால் நின்றபடி.

இப்படிக்கு,
யார் சொன்னாலும் கேட்காத உங்கள் மருமகள்,
சுமங்கலா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு ஹேமாவதி மேடம் போன் செய்தார்கள். அந்தத் தனி அத்தியாயத்துக்கு வேண்டிய பழைய பதிவுகள் எல்லாம் தார்வாட் நூலகத்தில்தான் இருக்கின்றனவாம், வெளியே தர மாட்டார்களாம். அங்கே பெண்கள் விடுதியில் இடமும் இல்லையாம். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்று விசாரித்துவிட்டேன். ஆகவே கோடை லீவு விட்டதும், வருகிற வெள்ளிக்கிழமை, உங்கள் வீட்டுக்கே வருகிறேன், ஆறு வாரம் இருப்பேன். சோம்லிபாயும் வருகிறாள், சமையலில் அத்தை எதையும் சொல்லிக்கொடுக்க முயல வேண்டாம். மாடி அறையில் அடுக்கியிருக்கும் குழாய்களை எடுத்துவிட்டு ஒரு மேஜை போட்டு வைக்கவும். அந்த அறைக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்து எழுதவும்.