நூற்றிருபது முட்டைக்கோஸும் ஒரு டிஸ்கோ பாட்டும்

எங்கள் அப்பா இந்த வருஷம் ஒரு சபதம் எடுத்தார்: முட்டைக்கோஸைத் தொடுவதில்லை. அந்தச் சபதத்துக்காக நான் அம்மாவை விற்றேன். விலை, முட்டை போட்ட ஒரு கிண்ணம் ராமியோன் நூடுல்ஸ். எழுதவே கேவலமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அத்தை வீட்டில் கிம்ச்சி, அதாவது காரமான கோஸ் ஊறுகாய், போடுவோம். நூற்றிருபது முட்டைக்கோஸ். அம்மா உப்புப் போடுவாள், மசாலா தடவுவாள். அப்பா ருசி பார்ப்பார். அதே சனிக்கிழமை சியோலில் அம்மா உயிரை விடும் பாட்டுக்குழு கச்சேரி வைத்துவிட்டது. இருபது வருஷக் குழு. புதுப் பாட்டு ஒன்று விட்டிருந்தார்கள். பழைய காலத்து டிஸ்கோ, ஆனால் மெத்தென்று, அவசரமே இல்லாமல். அம்மா அதைப் போட்டுவிட்டுத்தான் தரை துடைப்பாள்.

“மூட்டு வலி வந்த பசங்க. அதான் மெதுவா ஆடுறானுங்க” என்பார் அப்பா.

“அவங்களாவது ஆடுறாங்க. நீங்க சோபாவை விட்டு எழுந்து எத்தனை நாளாச்சு?”

டிக்கெட் விற்பனை எட்டு மணிக்கு. நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அம்மா தன் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து, வேகமான கணினியும் சாப்பாடும் கிடைக்கிற ‘பிசி பாங்’ கடைக்கு எங்களை அனுப்பினாள்.

“தாசொம், உன் விரலைத்தான்டி நம்பியிருக்கேன்” என்றாள்.

உட்கார்ந்ததும் அப்பா காதைக் கடித்தார். “அவ கச்சேரிக்குப் போயிட்டா கோஸ் யார் தலையில விழும்?”

“உங்க தலையில.”

“அதான். எதையும் அழுத்தாம சும்மா இரு. ராமியோன் சொல்லவா?”

“முட்டையோட.”

எட்டு மணிக்கு நான் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் அப்பா அம்மாவிடம் துக்க வீட்டு முகம் வைத்தார். “கியூவில எங்களுக்கு முன்னால நாற்பதாயிரம் பேரு, மிஞ்யங்! விரல் தேய அழுத்தினோம்!”

அம்மா ஃபோனைக் காட்டினாள். “என் கணக்குல யார் நுழைஞ்சாலும் எனக்கு மெசேஜ் வரும். வரவேயில்ல. நானே அழுத்தினேன். ரெண்டு கிடைச்சுது.”

“வீட்டு நெட் ஆமையாச்சே!”

“நீங்க ரெண்டு பேரும் வீட்ல இல்லைன்னா அது ஆமை இல்ல.”

பிறகு என்னைப் பார்த்தாள். “ரெண்டாவது உனக்குன்னுதான் எடுத்தேன். காலேஜ் கிடைக்கலன்னு ரூமுக்குள்ளேயே கிடக்கியேன்னு. இப்ப வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு.”

திட்டியிருந்தால் தேவலை. தின்ற முட்டையின் விலை என் டிக்கெட்.

அப்பாவுக்கு வெட்கம் ஐந்து நொடிதான். “அக்காகிட்ட சொல்லி கிம்ச்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கிறேன்” என்று ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

அத்தை அவரைப் பேசவே விடவில்லை. “டேய் தம்பி! உன் பொண்டாட்டி எனக்கு டிக்கெட் எடுத்திருக்காடா! கோஸெல்லாம் கொல்லையில கிடக்கு, நீயும் பொண்ணும் வந்து பாத்துக்கோங்க. அந்தப் புதுப் பாட்டைப் போட்டுக்கிட்டு தாளத்துக்கு ஒரு இலைன்னு தடவுங்க, திங்கட்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்!”