முக்கால் பாயின் முள்

இந்தத் தீவில் எத்தனையோ பேர் கார் ஓட்டுகிறார்கள். ஆனால் பெட்ரோல் முள்ளை வைத்தே குடும்பம் நடத்தியவர் எங்கள் முக்கால் பாய் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், பசியாற நான் வாங்கித் தருகிறேன்.

எங்கள் இருவருக்கும் பூன் லேயில் ஒரே ஆபீஸ், பொங்கோலில் ஒரே புளோக். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் பெட்ரோல் மலிவு; அதனால் சிங்கப்பூர் வண்டி அங்கே போக வேண்டுமானால் டேங்கில் முக்கால் அளவு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். பாய் சனிக்கிழமை தவறாமல் மனைவி ஜுலைகா அக்காவை அழைத்துக்கொண்டு அங்கே பசியாறப் போவார். பின் சீட்டில் ஓசிப் பயணியாக நான். முக்காலுக்கு மேல் ஒரு சொட்டு அடிக்க மாட்டார். முள் சரியாக அந்தக் கோட்டில் போய் நிற்க வேண்டும்.

நிற்கிறதா இல்லையா என்பதில்தான் சண்டையே. முள், கோடு போட்ட தட்டைத் தொடாமல் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். நேரே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குச் சரியாகத் தெரியும். வலது சன்னலில் எட்டிப் பார்க்கும் அதிகாரிக்குக் குறைவாகத் தெரியும். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கோ கூடுதலாகத் தெரியும்.

"முக்கால் தாண்டிருச்சுங்க, போலாம்."

"தாண்டலை. நீ அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்குற."

"என் கண்ணுக்கு நல்லாத் தெரியுது லா."

"உன் கண்ணுக்கு எப்பவும் கூடத்தான் தெரியும். கல்யாணத்தப்ப என் தலைமுடியக்கூட நெறைய இருக்குன்னுதான் சொன்ன."

பொங்கோலில் தொடங்கும் இந்தப் பேச்சு கடற்பாலம் வரை ஓடும். முடியிலிருந்து மாமியாருக்குப் போகும், அங்கிருந்து மீன் விலைக்கு வரும், மறுபடி முள்ளுக்கே திரும்பும். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் விரைவுச்சாலை மரங்களின் நிழல் என் மடியில் விழுந்து விழுந்து போகும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். இரண்டு தலைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு முள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். இவர்கள் சண்டையில் அதற்கும் ஒரு அபிப்பிராயம் இருப்பதாக எனக்குத் தோன்றும். கண்ணைத் திறந்தால் பாலத்துக்குக் கீழே கடல் சத்தமில்லாமல் கிடக்கும்.

ஒருமுறை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒரு இளம் அதிகாரி, "அங்கிள், முக்கால் இல்லையே" என்றார். பாய் நிதானமாகக் கதவைத் திறந்து இறங்கினார்.

"தம்பி, நீங்க என் சீட்ல உக்காந்து பாருங்க."

பாவம், அவரும் உள்ளே தலையை நீட்டினார். அக்கா விடுவாரா?

"இந்தப் பக்கம் வந்து பாருங்க தம்பி. இன்னும் நெறையத் தெரியும்."

பின்னால் ஹாரன்கள் கதறின. அதிகாரி முள்ளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "போயிட்டு வாங்க அங்கிள்" என்று கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தார்.

இங்கே வண்டி உரிமம் பத்து வருடத்துக்குத்தான்; பாயின் வண்டிக்கு அது முடிந்தது. பழைய வண்டியைப் பிரித்துப்போடும் இடத்துக்குக் கொண்டுபோகும் அன்று நானும் கூடப் போனேன். வழியில் பாய் பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பினார்.

"ஒடைக்கப்போற வண்டிக்கு எதுக்கு பாய் பெட்ரோல்?"

"எல்லை தாண்டப்போற வண்டிம்மா. முக்கால் இல்லாம விடமாட்டாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டி பிரிக்கும் இடத்து ஆளிடம் கெஞ்சி மீட்டர் பெட்டியை மட்டும் கழற்றி வாங்கி, துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

புது வண்டி மின்சார வண்டி. முன்னால் டிவி அளவுக்கு ஒரு திரை. அதில் சார்ஜ் அறுபத்துநாலு சதவீதம் என்று பளிச்சென்று எழுதியிருக்கும். பெட்ரோல் இல்லாத வண்டிக்கு முக்கால் சட்டமும் இல்லை, அதிகாரி உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாய்க்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

ஆபீஸில், "வண்டி எப்படி பாய்?" என்று கேட்டேன்.

"நான் பாத்தாலும் அறுபத்துநாலு, அவ பாத்தாலும் அறுபத்துநாலு. இதுல பேசறதுக்கு என்னம்மா இருக்கு?"

மூன்று நாள் திரையைக் குத்திக் குத்தி, முள் படம் வருகிற மாதிரி மாற்றிவிட்டார். அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

"நடுங்கவே மாட்டேங்குதே. இது முள்ளோட போட்டோங்க."

அந்தச் சனிக்கிழமை பொங்கோலிலிருந்து கடற்பாலம் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் பின் சீட்டில் தூங்காமல் வந்தேன். அடுத்த வாரம் அக்கா, "தலை வலிக்குது, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார். அதற்கடுத்த வாரம் பாயும் போகவில்லை. இத்தனை வருடம் வாய் ஓயாத இரண்டு பேர் ஒரே வீட்டில் ஊமையாகிவிடுவார்களோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. வெளியிலேயே குரல் கேட்டது.

"கூடத்தாங்க இருக்கு."

"குறையுது. கண்ணாடி போட்டுட்டுப் பாரு."

சாப்பாட்டு மேசை நடுவில், இடியப்பத் தட்டுக்கும் தேநீர்க் குவளைக்கும் இடையில், பழைய வண்டியின் மீட்டர் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. செருப்பு அலமாரியில் கிடந்ததை அக்காதான் துடைத்து எடுத்து வைத்தாராம். வேக முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. பெட்ரோல் முள் மட்டும், கடைசியாக நின்ற இடத்திலேயே, முக்காலில் நின்றுகொண்டிருந்தது. பாய் வலப்பக்கம், அக்கா இடப்பக்கம்.

"நீயே வந்து சொல்லும்மா" என்றார் பாய், தன் பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டபடி.

நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சுற்றிப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.