சுற்றாத சக்கரம்

அன்று மீட்டர் பலகைக்கு முன்னால் இருந்தவர்கள் ஐந்து பேர்: முருகையா, அவர் மனைவி ஜெயலெட்சுமி, மகள் சிவசக்தி, அவளைத் தன் மகன் சுரேஸுக்குப் பேசியிருந்த கடைசி வீட்டுப் பெருமாள், எல்லோருக்கும் பின்னால் வந்த மீட்டர் பார்க்கிற நஸீர். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான அந்த லயத்தின் ஆறு வீடுகளுக்குமான மீட்டர்கள் நடுச்சுவரில் ஒரே பலகையில் வரிசையாக இருந்தன. கோயில் பக்கத்து முதல் வீடு முருகையாவுடையது. ஆகவே முதல் மீட்டரும் அவருடையது. நஸீர் வரும் நாளில் அதைத் துணியால் துடைத்து வைப்பார். ஒட்டடை படிந்த மீட்டரைப் பார்த்துவிட்டு ஒருவர் போனால் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்?

அன்று துடைத்தபோது உள்ளே சக்கரம் சுற்றவில்லை. வீட்டிலோ லைட் எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் எரிகிறது, சக்கரம் நிற்கிறது என்றால் அதற்கு ஊரில் ஒரே பெயர்தான். களவு. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கப் பெருமாள் வரும் நேரம் வேறு.

எல்லா சுவிட்சையும் போடச் சொன்னார் முருகையா. ஜெயலெட்சுமி டீவி, அயன்பொக்ஸ், ரைஸ்குக்கர் என்று ஒன்று விடாமல் போட்டாள். சக்கரம் அசையவில்லை. எங்காவது சிக்கியிருக்கும் என்று விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். யாரும் திறக்காதபடி மின்சார சபை போட்டிருந்த ஈய முத்திரை கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"அதையும் ஒடச்சிட்டீங்களா?" என்றாள் ஜெயலெட்சுமி.

"ஒடைக்கல. தானா விழுந்துச்சு."

முத்திரையை ஒட்டுவதற்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது பெருமாள் வந்துவிட்டார். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முத்திரையை வாங்கி, கம்பியைக் கோத்து, முறுக்கி, சோறு இல்லாமலே கச்சிதமாகப் பொருத்தினார். என்ன பெரிய மனசு என்று முருகையாவுக்குக் கண் கலங்கியது.

"வெளிய மூச்சு விடாதீங்க சம்பந்தி" என்றார் பெருமாள். "ஒங்க மானம் வேற, எங்க மானம் வேறயா?"

பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு சிவசக்தி பதுளையில் பார்க்கும் நர்ஸ் வேலையை விட்டுவிட வேண்டும். இத்தனை நாளும் அதற்கு முடியாது என்று சொல்லிவந்த முருகையா, மகளைப் பார்க்காமல் தலையாட்டினார்.

"என்னையக் கேக்கலயேப்பா" என்றாள் சிவசக்தி.

"சும்மா இரு தாயி. பேர் போயிரும்."

நஸீர் வந்தபோது முருகையாவும் பெருமாளும் தோளோடு தோள் சேர்ந்து முதல் மீட்டரை மறைத்து நின்றார்கள். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார் நஸீர். முருகையாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எங்க மீட்டர் நின்னு போச்சு தம்பி. ஆனா களவு எங்க பரம்பரையிலயே இல்ல."

நஸீர் பலகையை ஒருமுறை பார்த்தார்.

"கோயில்லருந்து எண்ணுறது நீங்கண்ணே. நாங்க ரோட்டுப் பக்கத்துக் கடைசி வீட்டத்தான் மொத வீடா எண்ணுறோம். ஒங்க மீட்டர் அந்தா, கடைசில. என்னா ஓட்டம் ஓடுது பாருங்க. நீங்க மறைச்சுக்கிட்டு நிக்கிறது பெருமாளண்ணன் மீட்டர்."

பெருமாளோ கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டார் கரண்ட் திருடியதால் பெருமாள் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார் என்று பூனாகலைத் தோட்டம் வரைக்கும் பேச்சு இருக்கிறது. பொய். முறித்தவள் சிவசக்தி.