முப்பத்தெட்டு பேருக்குச் சமமான ராய்ஸ்

ஜனநாயகம் கிரேக்கத்தில் பிறந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகளை இப்படி ஏமாற்றக் கூடாது. ஜனநாயகம் பிறப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், தினமும் மாலை நாலு மணிக்கு. எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். அதன் பிறகு மக்களுக்கு அபிப்பிராயம் கிடையாது.

அந்த மாடியில் இருப்பது பேரேரி மக்கள்கருத்து ஆய்வகம். ஜனாதிபதித் தேர்தல் வந்தால் நாடு எங்கள் மாநிலத்தைப் பார்க்கும், மாநிலம் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்கும். நான் ஆர்லீன் ஷிமான்ஸ்கி, ஒன்பது வருடமாக அங்கே தொலைபேசியில் கேள்வி கேட்கிறேன். அதற்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். இரண்டும் ஒரே வேலைதான்: உள்ளே யார் கத்தினாலும் வழியை மாற்றக் கூடாது.

எங்கள் இயக்குநர் டாக்டர் குவென்டின் ஹால்வர்சன். ஊசி போடும் டாக்டர் அல்ல, சதவீதம் போடும் டாக்டர். "ஆர்லீன், மக்கள் பேசுறதைக் கேக்காதே, சொல்றதைக் குறிச்சுக்க" என்பது அவர் எனக்குத் தந்த உபதேசம். இதன் ஆழம் எனக்குப் புரிய ஒன்பது வருடம் ஆயிற்று.

அந்த அக்டோபரில் எழுபத்தோராயிரம் எண்களை அழைத்தோம். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் பேசினார்கள். மற்றவர்கள் எடுக்கவில்லை, அல்லது எடுத்து எங்கள் தாயாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்கள். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் மொத்த மாநிலத்துக்கும் தாராளமாகப் போதும். ஒரே ஒரு குறைதான். வடக்குக் காட்டு மாவட்டங்களில், முப்பது வயதுக்கு உட்பட்ட, கல்லூரிக்குப் போகாத ஆண்கள் முப்பத்தெட்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த வயதில் தெரியாத எண்ணை எடுப்பவன் ஒருவனும் கிடையாது.

கடைசி நாள் மாலை ஒருவன் எடுத்தான். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்தான்.

"ஹலோ, ஆஸ்பத்திரியா?"

"இல்லைங்க, மக்கள்கருத்து ஆய்வகம்."

"ஓ." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "மன்னிச்சுக்குங்க மேடம். என் பொண்டாட்டி டெசாவுக்கு எட்டு மாசம், ரத்த அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கு. ஆஸ்பத்திரில ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர்ல கூப்பிடுறாங்க. அதனால எது வந்தாலும் எடுத்துடுறேன்."

"ரொம்ப நல்ல பழக்கம்" என்று ஊக்கப்படுத்தினேன். பெயர் ராய்ஸ் ப்ரோக்னோ. வயது இருபத்தெட்டு. பால் லாரி ஓட்டுகிறான். கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. படிவத்தை அருகே இழுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்தா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க? செனட்டருக்கா, ஆளுநருக்கா?"

"இன்னிக்கா? இன்னிக்கு பால் ஏத்தணுமே."

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"எங்க ஊர் பிரசவ வார்டை யார் திறக்குறாங்களோ அவங்களுக்கு. போன மார்ச்சுல இழுத்து மூடிட்டாங்க. இப்ப எழுபது மைல் போகணும்."

"வேட்பாளர் ரெண்டு பேர்தாங்க. செனட்டர், ஆளுநர்."

"அவங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்லையே."

"அப்ப 'முடிவெடுக்கவில்லை'ன்னு போட்டுக்கட்டுமா?"

"நான் எடுத்துட்டேன் மேடம். அவங்கதான் எடுக்கலை."

'முடிவெடுக்கவில்லை' கட்டத்தில் குறியிட்டேன். நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்ற கேள்விக்குப் பதினான்கு பிரச்சினைகளை வாசித்துக் காட்டினேன். பிரசவ வார்டு அதில் இல்லை. 'மற்றவை' என்றொரு கட்டம் உண்டு. பெரிய மனம் படைத்த கட்டம் அது. யார் போனாலும் இடம் கொடுக்கும்.

மறுநாள் கூட்டத்தில் டாக்டர் ஹால்வர்சன் எழுந்து நின்று அறிவித்தார். "வடக்கு இளைஞர் பிரிவுக்கு நமக்கு ஒருத்தர் கிடைச்சிருக்கார். அவர் ஒருத்தர் பதிலையே முப்பத்தெட்டு பேர் பதிலா எண்ணி, அவருக்கு முப்பத்தெட்டு பேர் எடை கொடுக்குறோம்."

"இவ்வளவு எடையைக் கொஞ்சம் வெட்டணும்னு புத்தகத்துல போட்டிருக்கே டாக்டர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு வாக்காளனை வெட்டுறதுக்கு எனக்கு மனசு வரலை" என்றார். எங்களில் இருவர் கைதட்டினோம்.

இப்படியாக, நூற்றெண்பது பவுண்டு உள்ள ஒரு பால் லாரி ஓட்டுநர் முப்பத்தெட்டு பேர் ஆனான். அறிக்கை வெளிவந்தது. செனட்டர் நாற்பத்தேழு, ஆளுநர் நாற்பத்தேழு, முடிவெடுக்காதவர்கள் ஆறு. அந்த ஆறில் ஏறக்குறைய ஐந்து ராய்ஸ். பிழை வரம்பு மூன்று புள்ளி நாலு.

'வடக்கு இளைஞர் கையில் வெள்ளை மாளிகை' என்று தொலைக்காட்சியில் ஓடியது. வடக்கு இளைஞர்கள் ஒட்டுமொத்தமாகக் குழம்பிப்போயிருப்பதாக மூன்று நிபுணர்கள் ஒரு மணி நேரம் விளக்கினார்கள். ஒருவர், வீடியோ விளையாட்டுதான் காரணம் என்றார். அந்த வாரமே செனட்டரும் ஆளுநரும் அடுத்த வியாழக்கிழமை டாமரேக் மாவட்டத்துக்கு வருவதாக அறிவித்தார்கள். ராய்ஸின் மாவட்டம் அது. அதற்கு முன் எந்த வேட்பாளரும் அங்கே இறங்கியதில்லை. மேலே விமானத்தில் போயிருக்கலாம்.

அந்த வியாழக்கிழமை டாக்டர் என்னை அழைத்தார். அதே ஆட்களை மறுபடி அழைத்து, மனம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"அந்த முப்பத்தெட்டு பேரை முதல்ல கூப்பிடு, ஆர்லீன்."

நாலு மணி அடித்ததும் கூப்பிட்டேன். பாதி மணியில் எடுத்தான்.

"ஆஸ்பத்திரியா?"

"ஆய்வகம், ராய்ஸ். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். தப்பா நினைக்காதீங்க, லைனை விட முடியுமா? டெசாவுக்குக் காலையில ரத்தம் எடுத்தாங்க. முடிவு மோசமா இருந்தா உடனே கிளம்பி வரணுமாம், நாலு மணிக்குச் சொல்றோம்னாங்க. இங்க கைபேசி எடுக்காது, இந்த ஒரு போன்தான்."

"பதினோரு நிமிஷம்தான்" என்றேன்.

எங்கள் வடக்கத்தியாரின் பெருமையை இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களுக்குப் போனை வைக்கத் தெரியாது. விருந்துக்கு வந்தால் 'சரி, கிளம்புறேன்' என்று சொன்ன பிறகு வாசலில் அரை மணி நேரம் நிற்பவர்கள். ராய்ஸ் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னான், அவசரமாக, ஆனால் மரியாதையாக. செனட்டரை உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா, ஓரளவு பிடிக்குமா? ஆளுநரோடு உட்கார்ந்து பீர் குடிப்பீர்களா? முப்பதாவது கேள்வியில் பின்னால் ஒரு பெண் குரல், "ராய்ஸ், கண்ணு மங்கலா தெரியுது" என்றது. நான் முப்பத்தோராவது கேள்விக்குப் போனேன். பேட்டி பூர்த்தியாயிற்று. அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை, தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் மூன்றாம் சுற்றுக்காக அழைத்தபோது அவனே சொன்னான். இந்த முறை போன் எட்டுத் தடவை அடித்த பிறகுதான் எடுத்தான். யாருடைய அழைப்புக்கும் அவன் காத்திருக்கவில்லை. டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு கருவியைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க வச்ச உடனே ஆஸ்பத்திரி போன் வந்துச்சு மேடம். பத்து நிமிஷமா லைன் கிடைக்கலைன்னாங்க. உடனே வா, நிக்காதேன்னாங்க. டெசாவை வண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். ஆறாவது மைல்ல ரோட்டை அடைச்சிருந்தாங்க."

தெற்கிலிருந்து செனட்டரும் வடக்கிலிருந்து ஆளுநரும் ஒரே சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். இருப்பது அந்த ஒரு சாலைதான். ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ் ஆள் ஒருவர் குறுக்கே நின்று கையைக் காட்டியிருக்கிறார்.

"வழி விடுங்க, பொண்டாட்டிக்கு முடியலை."

"நாப்பது நிமிஷம் ஆகும் தம்பி. முடிவெடுக்காத இளைஞர்களைப் பார்க்க ரெண்டு பேரும் வர்றாங்க."

"அது நான்தாங்க."

"காலையில இருந்து எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

மாவட்டத்துக்கு இருக்கும் ஒரே ஆம்புலன்ஸ் அவர்கள் கண்ணெதிரே போனது. செனட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அவர் வண்டிக்குப் பின்னால் போனது. அதற்குள் டெசாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அந்த ஆள் தடுப்பை உதைத்துத் தள்ளிவிட்டு, தன் வண்டியில் சைரன் போட்டு முன்னால் ஓட்டியிருக்கிறார். இருபது மைலில் இரண்டு வண்டியையும் ஓரம் கட்டவேண்டி வந்தது. குழந்தை முன்சீட்டில் பிறந்தது. அழவில்லை. ஷெரிஃப் ஆள் தன் கோட்டைக் கழற்றிச் சுற்றி, முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழவைத்தாராம். டெசாவுக்கு ஐந்து நாள் நினைவு வரவில்லை.

"இப்ப?" என்றேன். இந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

"எந்திரிச்சு உக்கார்றா. பேச்சுதான் கொஞ்சம் தடுக்குது, சரியாயிடும்னு சொல்றாங்க. பாப்பாவை இன்னும் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. நாலு பவுண்டு. டெசாவோட மூக்கு."

டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார்: 'பெண் குழந்தை. பதினெட்டு வருடம் கழித்துத்தான் நமக்குப் பயன். முதல் கேள்வியைக் கேள்.'

படிவத்தை மூடிவைத்துவிடலாமா என்று தோன்றியது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. ஆனாலும் கேட்டேன், தொழில்முறை ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறது.

"இன்னிக்கே தேர்தல் நடந்தா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க, ராய்ஸ்?"

"சொல்றேன் மேடம். அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க மூணு தடவை கூப்பிட்டுட்டீங்க. என் மனசு முக்கியம், ஊர் மனசு முக்கியம்னு சொன்னீங்க. டிவியிலயும் அதையேதான் சொல்றாங்க. அந்த வார்டை மூடுறதுக்கு முன்னால, மூடலாமா வேண்டாமான்னு எங்கள்ல ஒருத்தருக்காவது யாராவது போன் பண்ணிக் கேட்டாங்களா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினான். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் காதிலிருந்து கருவியைக் கழற்றி, அதன் வயரை மெதுவாகச் சுற்றிவைத்தார்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

பேட்டி முழுமையாக நடக்கவில்லை என்றால் படிவத்தின் அடியில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு: 'கேள்வி கேட்கப்பட்டது, பதில் அளிக்க மறுத்தார்.' அதில் குறியிட்டேன். மறுத்தவர் பெயர் என்ற இடத்தில் பேரேரி மக்கள்கருத்து ஆய்வகம் என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.